"என் நாய் ஒண்ணும் பண்ணாதுங்க": பூங்கா நிர்வாகக் குழுவுக்கும் காலை நேரக் கூட்டத்துக்கும் ஒரு திறந்த மடல்

நாய்ப் பூங்கா நிர்வாகக் குழுவினருக்கும், தினமும் காலையில் நாய்களை அவிழ்த்துவிட்டு மரத்தடியில் கூடி நிற்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம். போன மாதம் அந்த வெள்ளைக் குட்டை நாயைக் கவ்வி உதறியது என் மணிதான். பாதிப் பேருக்கு இது தெரியும். மீதிப் பேர் "ஏதோ ஒரு வெறிபிடிச்ச நாய் புகுந்துடுச்சாம்" என்ற அளவில் கேள்விப்பட்டிருக்கிறீர்கள், அதை என்னிடமே வந்து சொன்னவர்களும் உண்டு. மணிக்கு வெறி எதுவும் கிடையாது. ஐந்து வயது, 28 கிலோ, தடுப்பூசி எல்லாம் தவறாமல் போட்ட, வீட்டுக்கு யார் வந்தாலும் காலடியில் போய்ப் படுத்துக்கொள்கிற சாதாரண நாய். நாலு வருஷமாக இதே பூங்காவுக்கு வந்துகொண்டிருந்தான், ஒரு நாய் மேலும் அவன் பல் பட்டதில்லை. இந்த மடலை எழுத வேண்டி வந்ததே அதனால்தான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சுற்றில் இருக்கிற நாலைந்து கதைகளில் ஒன்றுகூடச் சரியில்லை. அன்று உள்ளே பதினாலு பதினைந்து நாய்கள் இருந்தன. மணியையும் சேர்த்து மூன்று பெரிய நாய்கள் அந்தக் குட்டை நாயைத் துரத்திக்கொண்டிருந்தன. விளையாட்டு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அது இரண்டு தடவை பெஞ்சுக்கு அடியில் போய்ப் பதுங்கியது, இரண்டு தடவையும் ஏதோ ஒரு நாய் மூக்கை நுழைத்து அதை வெளியே கிளப்பியது, அதை வளர்ப்பவரும் சிரித்துக்கொண்டே "போ, போய் விளையாடு" என்று காலால் மெதுவாகத் தள்ளிவிட்டார். அதுவரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த அரை நிமிடம் பார்க்கவில்லை, கைப்பேசியில் வந்த ஒரு குரல் செய்தியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். வீல் என்று ஒரு சத்தம். நிமிர்ந்தால் அது மணியின் வாயில் தொங்குகிறது, மணி தலையை இடமும் வலமுமாக உதறுகிறான், வீட்டில் துணி பொம்மையை உதறுவானே, அதே மாதிரி. பெயர் சொல்லிக் கத்தினேன், அவன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. பாய்ந்து கழுத்துப்பட்டையைப் பிடித்தேன், சட்டென்று திரும்பி என் விரலில் ஒரு கடி வைத்துவிட்டு, அப்புறம்தான் ஆள் யாரென்று தெரிந்த மாதிரி வாலைத் தாழ்த்திக்கொண்டு நின்றான்.

எல்லாம் சேர்த்து ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது. 

கால்நடை மருத்துவர் அந்தக் குட்டை நாயின் முடியை மழித்தபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். தோளுக்குப் பின்னால் மூன்று ஓட்டை, ஒவ்வொன்றும் ஒரு மிளகு நுழையும் அளவு. இவ்வளவுதானா என்று ஒரு கணம் நிம்மதிகூட வந்தது. அவர் மழுங்கிய முனையுள்ள ஒரு கம்பியை எடுத்து ஒரு ஓட்டைக்குள் விட்டார். அது தோலுக்கு அடியில் போய்க்கொண்டே இருந்தது, கிட்டத்தட்ட ஒரு உள்ளங்கை அகலத்துக்கு. குத்திய இடம் சின்னது, உதறிய உதறலில் தோல் சதையை விட்டுக் கழன்று உள்ளே பை மாதிரி ஆகிவிட்டது என்றார். நாய்க்கடியில் வெளியே தெரிவதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது, சின்ன ஓட்டையாக இருந்தாலும் அன்றைக்கே கொண்டுவந்து காட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் பிடிக்கும் என்றும் சொன்னார். உள்ளே சேர்வது வடிய ரப்பர் குழாய் வைத்துத் தைத்தார். பிழைத்துக்கொண்டது. செலவு முழுக்க என்னுடையது, அதில் பேச்சே இல்லை.

சரி, இப்போது குழுவுக்கு வருகிறேன். சம்பவத்துக்குப் பிறகு நீங்கள் இரண்டு காரியம் செய்திருக்கிறீர்கள். வாசலில் புதுப் பலகை ஒன்று: "உள்ளே வருவோர் தங்கள் சொந்தப் பொறுப்பில் வரவும். இங்கு நடப்பவற்றுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல." இரண்டாவதாக, உள்ளே விடக் கூடாத இனங்கள் என்று ஒரு பட்டியல் தயாராகிறது என்கிறார்கள். இரண்டுமே தவறு என்று, கடித்த நாயை வளர்ப்பவனாகச் சொல்கிறேன்.

பட்டியலை எடுத்துக்கொள்வோம். மணி என்ன இனம் என்று நம் கூட்டத்தில் நாலு பேரிடம் கேளுங்கள், நாலு பதில் வரும். எனக்கே தெரியாது. கலப்பு நாயைப் பார்த்து இன்ன இனம் என்று சொல்வது நாய்களோடே வேலை செய்கிறவர்களுக்குக்கூட அடிக்கடி தவறுகிறது, மரபணுச் சோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் அதைத்தான் காட்டின. நீங்கள் எந்தப் பட்டியல் போட்டாலும் மணி அதில் வர மாட்டான், நாளைக்கே ஜம்மென்று உள்ளே நடந்து வருவான். நெதர்லாந்தில் 1993இல் பிட் புல் வகை நாய்களைத் தடை செய்தார்கள், கடிகள் குறையவில்லை என்று 2008இல் அந்தத் தடையைக் கைவிட முடிவு செய்தார்கள். ஒரு நாடே பதினைந்து வருஷம் செய்து பார்த்துவிட்டு விட்ட காரியத்தை நாம் ஒரு வேலிக்குள் செய்து பார்க்க வேண்டுமா?

அந்தப் பலகை இன்னும் மோசம். நிர்வாகம் பொறுப்பல்ல என்று படித்ததும் உள்ளே வருகிறவர் என்ன நினைக்கிறார்? அடுத்தவன் நாய் என் நாயைக் கடித்தால் அது என் தலையெழுத்து என்றுதான். என் நாய் அடுத்தவன் நாயைக் கடித்தால் அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று ஒருவரும் அதைப் படித்துப் புரிந்துகொள்ள மாட்டார்கள். ஆக குழு கைகழுவியாயிற்று, நாங்களும் கைகழுவியாயிற்று. (கைகழுவ அந்தக் குழாயடியில் ஒரு சோப்புக்கூட இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.)

நண்பர்களே, இனி உங்களோடு. நாம் எல்லோரும் சொல்கிற ஒரு வாக்கியம் இருக்கிறது, புதிதாக யாராவது நாயோடு வாசலில் தயங்கி நின்றால் இங்கிருந்தே குரல் கொடுப்போம்: "பயப்படாம வாங்க, என் நாய் ஒண்ணும் பண்ணாதுங்க." நாலு வருஷத்தில் நான் அதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அது பொய்யும் இல்லை, அன்றுவரை. ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்ன அந்த நொடியிலிருந்து நான் மணியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். ஒண்ணும் பண்ணாத நாயை யார் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

சம்பவத்துக்கு அப்புறம் ஒரு பயிற்சியாளரிடம் போனேன். நான் எதிர்பார்த்தது மணிக்கு ஏதாவது பாடம். அவர் எனக்குத்தான் பாடம் எடுத்தார். நாய்க்குள் ஒரு பழைய வேட்டை வரிசை இருக்கிறதாம்: உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, உதறுவது. விளையாட்டில் இந்த வரிசையில் இருந்து ஒன்றிரண்டு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஆடுகின்றன, அதனால்தான் அதில் யாருக்கும் அடிபடுவதில்லை. ஆனால் சின்ன உருவம் ஒன்று பயந்து வீல் வீல் என்று கத்திக்கொண்டு ஓடும்போது, பெரிய நாய்க்கு அது ஒரு கணத்தில் இன்னொரு நாயாகத் தெரியாமல் இரையாகத் தெரிந்துவிடலாம். கோபம் கிடையாது, பகை கிடையாது, முன்கூட்டி உறுமலும் கிடையாது. எடை வித்தியாசம் அதிகமாக அதிகமாக ஆபத்தும் அதிகம், இரண்டு மூன்று நாய் சேர்ந்து ஒன்றைத் துரத்தினால் இன்னும் அதிகம். அன்று இது எல்லாமே நம் கண் முன்னால் வரிசையாக நடந்தது, நமக்குத்தான் தெரியவில்லை.

அவர் சொன்னதில் எனக்கு உறைத்தது அந்தப் பெஞ்சு. ஒரு நாய் பெஞ்சுக்கு அடியில் போய் ஒதுங்கினால் அது "எனக்குப் போதும்" என்கிறது. ஒரு தடவை சொன்னது, நாம் கேட்கவில்லை. இரண்டாம் தடவையும் சொன்னது, காலால் தள்ளிவிட்டோம். அதை வளர்ப்பவரைக் குறை சொல்லவில்லை, நானும் பார்த்துச் சிரித்தவன்தான்.

நல்ல விளையாட்டு எப்படி இருக்கும் என்பதை அதற்கப்புறம் இரண்டு வாரம் வேலிக்கு வெளியே நின்று, மணி இல்லாமல், சும்மா பார்த்தேன். முன்னங்கால்களை நீட்டி மார்பைத் தரையில் அழுத்திப் பின்பக்கத்தைத் தூக்கி ஒரு வணக்கம் போடும், அது "இனி செய்வதெல்லாம் விளையாட்டு" என்று சொல்வது. உடம்பு குழைந்து வளைந்து இருக்கும், வாய் திறந்து தொங்கும். துரத்தியது கொஞ்ச நேரத்தில் துரத்தப்படும், கீழே கிடந்தது மேலே வரும். நடுவில் தானாகவே நின்று உடம்பை உதறிக்கொண்டு, தரையை மோந்து பார்த்து, மறுபடி ஆரம்பிக்கும். இந்த இடைவெளிகள் முக்கியம், இடைவெளியே இல்லாத விளையாட்டு எங்கேயோ எகிறப்போகிறது என்று அர்த்தம். சந்தேகம் வந்தால் ஒரு சுலபமான சோதனை: துரத்துகிற நாயைப் பிடித்து நிறுத்துங்கள். ஓடின நாய் திரும்பி வந்து "ஏன் நிறுத்திட்டே?" என்று சீண்டினால் விளையாட்டு. அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டு விலகி ஓடினால், அல்லது உங்கள் காலுக்குப் பின்னால் போய் நின்றால், அத்தோடு முடித்துவிடுங்கள். இதற்குப் பத்து விநாடி ஆகும், அன்று யாராவது ஒருவர் செய்திருந்தால் எனக்கு இந்த மடலுக்கு வேலையில்லை.

கெட்டது எப்படித் தெரியும்? பெரும்பாலும் சத்தமே இல்லாமல். உடம்பு விறைத்துப்போகும், திறந்திருந்த வாய் மூடிக்கொள்ளும், ஒரு நாய் இன்னொன்றின் தோள் மேல் தாடையை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும், கண்ணின் வெள்ளை ஓரத்தில் பிறை மாதிரி தெரியும். பயந்த நாய் உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், வாலைக் காலிடுக்கில் சுருட்டும். வால் ஆடுகிறது, அதனால் சந்தோஷமாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள், கொடிக்கம்பம் மாதிரி நிமிர்ந்து விறைத்துத் துடிக்கிற வால் வேறு சமாச்சாரம். இத்தாலிய ஆய்வாளர்கள் 2007இல் ஒரு விஷயம் கண்டுபிடித்தார்கள்: வளர்ப்பவரைப் பார்த்தால் நாயின் வால் அதன் வலப்பக்கம் அதிகம் சாய்ந்து ஆடுகிறது, முன்பின் தெரியாத முரட்டு நாயைப் பார்த்தால் இடப்பக்கம். அதை எல்லாம் பூங்காவில் நின்று அளக்க முடியாது, ஆனால் வாலாட்டுவதில் ஒன்றுக்கு மேற்பட்ட அர்த்தம் இருக்கிறது என்றாவது தெரிந்துகொள்ளலாம்.

"குரைக்கிற நாய் கடிக்காது" என்று நமக்கு ஒரு பழமொழி இருக்கிறது. அதைப் பூங்காவுக்குள் கொண்டுவராதீர்கள், குரைக்கிற நாயும் கடிக்கும். ஆனால் அதில் பாதி உண்மை இருக்கிறது. குரைப்பதும் உறுமுவதும் நாய் நமக்குக் கொடுக்கிற அவகாசம். நாய் உறுமினால் போதும், நம்மில் சிலர் அதன் மூக்கில் ஒரு தட்டு, "ஏய், என்ன பழக்கம்" என்று ஒரு அதட்டல். அந்த நாய் என்ன கற்றுக்கொள்கிறது? உறுமினால் அடி விழும் என்று. பயமோ எரிச்சலோ அப்படியே உள்ளே இருக்கும், அறிவிப்பு மட்டும் நின்றுபோகும். அப்புறம் ஒருநாள் "எந்த அறிகுறியும் காட்டாமத் திடீர்னு கடிச்சிருச்சு" என்பார்கள். உறுமினால் அடிக்காதீர்கள், எதைப் பார்த்து உறுமியதோ அதிலிருந்து தூரமாகக் கூட்டிப்போங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, சத்தமான சண்டை எல்லாம் பெரிய சண்டை இல்லை. பூங்காவில் வருகிற நூறு கலவரத்தில் தொண்ணூறு, முடிந்தபின் தடவிப் பார்த்தால் எச்சில் மட்டும்தான் இருக்கும் (தொண்ணூறு என்பது என் கண்கணக்கு, ஆராய்ச்சி இல்லை). இயான் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் நாய்க்கடியை ஆறு படியாகப் பிரித்திருக்கிறார், மனிதர்களைக் கடிப்பதை அளக்க வந்த அளவுகோல் என்றாலும் நமக்கும் உதவும். பல்லே படாமல் பாய்வது முதல் படி, பல் பட்டும் தோல் கிழியாதது இரண்டாவது. ஒரே கடியில் ஒன்றிலிருந்து நாலு ஓட்டை, கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கு மேல் இறங்காதது மூன்றாவது. அதற்கு மேல் ஆழமாக இறங்கினால், அல்லது பிடித்துக்கொண்டு உதறினால், நாலாவது. ஐந்தில் அப்படிப் பல கடிகள், ஆறில் உயிர் போய்விடுகிறது. மணி நேராக நாலுக்குப் போனான். ஒருநாளும் முதல் படியில்கூட நின்றிராத நாய். எப்போது பார்த்தாலும் வள்ளென்று பாய்கிறது என்று நாம் முகம் சுளிக்கிற அந்தக் கறுப்பு நாய் இருக்கிறதே, அது மூன்று வருஷமாக எத்தனையோ தகராறு செய்தும் ஒரு ஓட்டைகூடப் போட்டதில்லை. அதைத்தான் நீங்கள் உங்கள் பட்டியலில் சேர்க்கப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

குழு செய்ய வேண்டியது என்று நான் நினைப்பவை எல்லாம் மிகச் சாதாரணமானவை. முதலில் வாசல். நம் பூங்காவைக் கட்டியவர்கள் விவரமானவர்கள், இரட்டைக் கதவு வைத்திருக்கிறார்கள். வெளிக்கதவைச் சாத்திவிட்டு நடுவில் நின்று வாரைக் கழற்றி, பிறகு உள்கதவைத் திறக்க வேண்டும், அதற்காகத்தான் அந்தக் கூண்டு மாதிரி இடம். நாம் என்ன செய்திருக்கிறோம்? உள்கதவின் தாழ்ப்பாள் சரியாக விழுவதில்லை என்று ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து எப்போதும் திறந்தே வைத்திருக்கிறோம். விளைவு, யாராவது வெளிக்கதவைத் தொட்டாலே உள்ளே இருக்கும் பத்து நாயும் ஓடிவந்து அந்தக் குறுகலான இடத்தில் மொய்க்கின்றன, வருகிற நாய் வாரில் கட்டப்பட்டு நகரவும் முடியாமல் ஓடவும் முடியாமல் நடுவில் மாட்டிக்கொள்கிறது. கட்டிய நாயால் விலகிப் போக முடியாது, அதனால் எதிர்த்து நிற்கும், நாம் பயந்து வாரை இழுக்க இழுக்க அதன் கழுத்து நிமிர்ந்து மற்ற நாய்களுக்கு அது சண்டைக்கு நிற்கிற மாதிரியே தெரியும். நான் பார்த்த சச்சரவுகளில் பாதி அந்த வாசலில்தான் ஆரம்பித்தது. யாராவது வந்தால் அவரவர் நாயை ஒரு நிமிடம் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் வராத நாயா? அப்படியென்றால் அவிழ்த்துவிடவே கூடாது. மணி வருவான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், சும்மா இருக்கும்போது வந்துகொண்டும் இருந்தான். மும்முரமாக இருக்கும்போது கூப்பிட்டுப் பார்த்ததே இல்லை.

இரண்டாவது, சின்ன நாய்களுக்கான இடம். இருக்கிறது! மூலையில் இடுப்பளவு வேலி போட்ட அந்தப் பகுதி அதற்காக விட்டதுதான், புல்வெட்டும் இயந்திரத்தையும் உடைந்த பெஞ்சையும் போட்டு வைத்திருக்கிறீர்கள். காலி செய்தால் ஒரு நாள் வேலை. பத்துப் பன்னிரண்டு கிலோவுக்குக் கீழே உள்ளவை அங்கே, மற்றவை இங்கே. "என் குட்டிக்குப் பெரிய நாயோடுதான் பிடிக்கும்" என்பவர்கள் இருப்பார்கள், பிடிக்கட்டும், பழகிய இரண்டு நாய்களைத் தனியாக எங்காவது விளையாடவிடுங்கள், பதினைந்து நாய்க்கு நடுவில் வேண்டாம்.

மூன்றாவது அந்தக் குழாயடி. என் விரலில் ரத்தம் வந்தபோது அங்கே ஓடினேன், தண்ணீர் இருந்தது, சோப்பு இல்லை. நாய்க்கடியை உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், ரேபிஸ் கிருமியைக் காயத்திலேயே குறைக்க அதுதான் முதல் காரியம், அதற்கப்புறம் மருத்துவர். ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. சொந்த நாய், தடுப்பூசி போட்ட நாய் என்றாலும் மருத்துவரிடம் காட்டுவது காட்டுவதுதான். நான் போய்க் காட்டினேன். ஒரு சோப்புக் கட்டியும் ஒரு வாளியும் அங்கே நிரந்தரமாக இருக்கட்டும். வாளி எதற்கு என்றால், சண்டை வந்தால் கையை விடக் கூடாது, என் விரலே சாட்சி, தலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் பல நேரம் விட்டுவிடும். பலகையோ, மடித்த நாற்காலியோ நடுவில் நுழைக்கலாம். கத்தக் கூடாது என்பார்கள், அது யாருக்கு முடியும் என்று தெரியவில்லை. சின்ன நாயை மார்போடு தூக்கிக்கொள்வதும் பல நேரம் வினைதான், மற்ற நாய்கள் உங்கள் மேல் தாவும். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் தூக்கிய கையோடு கதவுக்கு வெளியே போய்விடுங்கள்.

குட்டிகளைப் பற்றி இரண்டு வரி. பதினாறு வாரத்துக்குள் உள்ள, தடுப்பூசி வரிசை முடியாத குட்டியைத் தயவுசெய்து கூட்டி வராதீர்கள், பழகட்டும் என்ற நல்ல எண்ணம்தான், புரிகிறது. ஆனால் குட்டிகளின் உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பிளீச்சிங் கரைசல் மாதிரிச் சிலவற்றுக்குத்தான் சாகும், புல்வெளி முழுக்க அதை ஊற்ற முடியுமா? பருவத்தில் இருக்கிற பெட்டையையும் அந்த இரண்டு மூன்று வாரம் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், பந்து, எலும்பு, தின்பண்டம் எதையும் உள்ளே கொண்டுவராதீர்கள். வீட்டில் பங்கு போட்டுக்கொள்கிற நாய் வெளியே அப்படியே இருக்கும் என்று இல்லை.

அப்புறம் அசிங்கம் அள்ளுவது. எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் வேலியோரம் போய்ப் பாருங்கள். "மக்கி உரமாயிடும்" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். நாயின் வயிற்றில் இருக்கும் உருண்டைப் புழுவின் முட்டை வெளியே வந்ததும் தொற்றாது, மண்ணில் இரண்டு முதல் நாலு வாரம் கிடந்து முதிர்ந்த பிறகுதான் தொற்றும், முதிர்ந்துவிட்டால் வருஷக்கணக்கில் அங்கேயே இருக்கும். அன்றைக்கு அள்ளினால் ஒன்றுமே இல்லை, விட்டுவிட்டால் அந்த மண்ணில் விளையாடி வாயில் கைவைக்கிற குழந்தைக்குப் போகும், சில நேரம் கண்ணைக்கூடப் பாதிக்கும். சொல்லப்போனால் ஓடி விளையாடுகிற சின்னக் குழந்தைகளை உள்ளே கூட்டிவருவதையே நிறுத்தலாம் என்பது என் அபிப்பிராயம், இதில் பலருக்குக் கோபம் வரும். மேலே சொன்ன வேட்டை வரிசையை மறுபடி ஒருமுறை படியுங்கள்: சின்ன உருவம், கீச்சுக் குரல், ஓட்டம்.

கடைசியாகக் குழுவிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கேட்கிறேன். வாசல் பெட்டியில் ஒன்று தொங்கட்டும். தேதி, நேரம், எத்தனை நாய்கள் இருந்தன, எந்த இடம், எத்தனை ஓட்டை. "பயங்கரமாக் கடிச்சிருச்சு" என்று எழுதக் கூடாது, ஓட்டையை எண்ணி எழுத வேண்டும். நாலைந்து மாதத்தில் எந்த மூலையில், எந்த நேரத்தில், எந்தக் கூட்டத்தில் தகராறு வருகிறது என்று தெரிந்துவிடும், இனப் பட்டியலைவிட அது உங்களுக்கு நிறையச் சொல்லும். முதல் பதிவை நானே எழுதித் தருகிறேன், நான் கைப்பேசியில் இருந்ததையும் சேர்த்து. 1979இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஓலோனி பூங்காவில் நாய்களுக்கென்று ஒரு இடம் ஒதுக்கினார்கள், இந்த மாதிரிப் பூங்காக்களின் முன்னோடிகளில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். இப்படி ஒன்று திறந்தால், மூட வேண்டும் என்ற பேச்சும் சில ஊர்களில் கூடவே வருகிறது. நம் பூங்காவையும் மூடச் சொல்லி இரண்டு பேர் மனு கொடுத்திருப்பதாகக் கேள்வி. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நண்பர்களே, மரத்தடியில் நின்று பேசுவதை விடச் சொல்லவில்லை, எனக்கும் அதுதான் காலைப்பொழுது. நடந்துகொண்டே பேசலாம். நாம் ஒரே இடத்தில் நின்றால் நாய்களும் நம்மைச் சுற்றிக் குவிந்துகொள்கின்றன, நாம் நடந்தால் அவை பரவி அவரவர் வளர்ப்பவரின் பின்னால் வருகின்றன, வேலிக்கு வெளியே நின்று பார்த்தபோது இது பளிச்சென்று தெரிந்தது. "நாய் வேஷம் போட்டா குரைச்சுத்தான் ஆகணும்" என்பார்களே, அவிழ்த்துவிட வந்தவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தாக வேண்டும்.

மணியைப் பற்றிக் கேட்பீர்கள். இனி அவனை உள்ளே அவிழ்த்துவிட மாட்டேன், பயிற்சியாளர் எதுவும் சொல்லும் முன்பே அதை முடிவு செய்துவிட்டேன். பத்து மீட்டர் நீள வாரில் ஆளில்லாத திடலில் ஓடுகிறான், முகத்தில் கூடை மாதிரி ஒரு வாய்மூடி போடப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் அவனால் தண்ணீர் குடிக்க முடியும், நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைக்க முடியும். (துணிப்பட்டியால் வாயை இறுக்கிக் கட்டி நாயை ஓடவிடாதீர்கள், உடம்புச் சூட்டை இறக்க நாய்க்கு மூச்சிரைப்பதுதான் முக்கிய வழி.) முதல் நாள் அதைக் கண்டு ஓடினான், இப்போது எடுத்ததும் தானாக மூக்கை உள்ளே விடுகிறான்.

அந்த வெள்ளைக் குட்டை நாயைப் போன வாரம் வேலிக்கு வெளியே பார்த்தேன், மழித்த இடத்தில் முடி முளைத்திருக்கிறது, அதை வளர்ப்பவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், நானும் தலையசைத்தேன், பக்கத்தில் போகவில்லை. நாய் அவர் காலோடு ஒட்டிக்கொண்டே நடந்தது. உள்ளே வருவீர்களா என்று நான் கேட்கவும் இல்லை.

உள்கதவுத் தாழ்ப்பாளுக்கு ஏற்ற ஸ்பிரிங் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஸ்க்ரூ டிரைவரும் என்னிடமே இருக்கிறது. குழு ஒரு வார்த்தை சரி என்று சொன்னால் சனிக்கிழமை காலை நாய்கள் வருவதற்கு முன்னால் வந்து மாட்டிவிட்டு, அந்தச் செங்கல்லை எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன்.

இப்படிக்கு,
மணியை வளர்ப்பவன்